போல்ட் ஓடிய 9.58 விநாடியில் எத்தனை முடுக்கம்?

2009 ஆகஸ்ட் 16, பெர்லின் ஒலிம்பிக் அரங்கம். உலகத் தடகளப் போட்டியில் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடி முடித்தார். இந்த இரண்டு எண்களைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, "போல்ட்டின் சராசரி முடுக்கம் என்ன?" என்று பதினோராம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். குறைந்தது மூன்று விடை வரும்.

முதல் மாணவர் 100ஐ 9.58ஆல் வகுப்பார். விநாடிக்கு 10.44 மீட்டர் என்று வரும். அதை மறுபடியும் 9.58ஆல் வகுத்து 1.09 என்பார். இரண்டாமவர் சூத்திரம் மனப்பாடம் செய்தவர். தொலைவை இரட்டித்து, நேரத்தின் வர்க்கத்தால் வகுத்து 2.18 என்பார். மூன்றாமவர் கொஞ்சம் தயங்கி, "கோட்டைத் தாண்டும்போது அவர் என்ன வேகத்தில் போனார், சார்?" என்று திருப்பிக் கேட்பார். விநாடிக்கு ஏறத்தாழ 12 மீட்டர் என்று சொன்னால், அதை 9.58ஆல் வகுத்து 1.25 என்று எழுதுவார்.

மூவரும் வகுத்ததில் பிழை கிடையாது. கால்குலேட்டரைக் கொடுத்தாலும் இதே மூன்று விடைகள்தான் வரும். ஆனால் சரியான விடை மூன்றாவது மட்டும்தான். மற்ற இருவரும் எதைக் கணக்குப் போட்டார்கள் என்று பார்த்தால் முடுக்கம் என்பதன் பாதிச் சங்கதி விளங்கிவிடும்.

வேகத்துக்கும் முடுக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் பாடத்தில் படிக்கும்போது எளிதாகத் தெரியும், கணக்கில் வரும்போது வழுக்கும். ஒரு டீக்கடைக் கல்லாவை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லாவில் இந்த நிமிடம் இருக்கும் பணம்தான் வேகம். மணிக்கு எவ்வளவு பணம் கூடுகிறது என்பது முடுக்கம். கல்லா நிறையப் பணம் இருந்தும் வியாபாரம் படுத்திருக்கலாம். மணிக்கு 120 கிலோமீட்டரில் சீராகப் போகும் காரின் முடுக்கம் பூஜ்யம். கல்லா காலியாக இருந்தும் கூட்டம் அலைமோதலாம். பச்சை விளக்கு விழுந்து பைக் சீறிக் கிளம்பும் அந்தக் கணத்தில் அதன் வேகம் பூஜ்யம், முடுக்கமோ பெரிதாக இருக்கும். நெடுஞ்சாலையில் விரையும் பேருந்தில் தூங்கிக்கொண்டு வருபவர், ஓட்டுநர் பிரேக்கை மிதித்ததும் முன்சீட்டில் முட்டிக்கொண்டு விழிக்கிறார். நம் உடம்புக்கு வேகம் தெரியாது, வேகம் மாறுவது மட்டுமே தெரியும்.

சராசரி முடுக்கம் என்பது கடைக்காரர் இரவில் போடும் கணக்கு. காலையில் கடை திறந்தபோது கல்லாவில் எவ்வளவு, மூடும்போது எவ்வளவு, இடையில் எத்தனை மணி நேரம். கடைசித் தொகையிலிருந்து முதல் தொகையைக் கழித்து நேரத்தால் வகுக்க வேண்டும், அவ்வளவே. காலை பதினொரு மணிக்குக் கூட்டம் வந்ததா, மாலையில் மழை பிடித்து எல்லாரும் கடைக்குள் ஒதுங்கினார்களா என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது. அது இரண்டு முனைகளை மட்டுமே பார்க்கிறது. அதன் எளிமையும் அதுதான், அது நம்மை ஏமாற்றும் இடமும் அதுதான்.

வேகத்தை விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று சொல்கிறோம். அந்த வேகம் ஒவ்வொரு விநாடியும் எவ்வளவு மாறுகிறது என்று சொல்லும்போது விநாடி இரண்டாம் முறை வருகிறது. 'மீட்டர்/விநாடி²' என்ற அலகில் உள்ள அந்த 2ஐப் பார்த்துச் சிலர் மிரள்கிறார்கள். வர்க்க விநாடி என்று ஒரு பொருளும் உலகத்தில் கிடையாது. "விநாடிக்கு விநாடி வேகம் இவ்வளவு கூடுகிறது" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் மிரட்சி போய்விடும்.

இனி முதல் மாணவரின் விடைக்கு வருவோம். 10.44 என்பது ஓட்டம் முழுவதற்குமான சராசரி வேகம். முடுக்கத்துக்குத் தேவை வேக மாற்றம்: கடைசி வேகத்தில் முதல் வேகத்தைக் கழித்தது. சராசரி வேகம் எந்த முனையிலும் இருப்பதில்லை. அவருடைய 1.09 எதன் அளவும் ஆகாது. அலகு மட்டும் தற்செயலாகச் சரியாக அமைந்துவிட்டதால் விடைபோலத் தோற்றம் காட்டுகிறது. தேர்வுத்தாள் திருத்தும் ஆசிரியர்கள் அதிகம் பார்க்கும் பிழை இதுவாகத்தான் இருக்கும்.

இரண்டாமவரின் சூத்திரம் பொய்யில்லை. ஆனால் முடுக்கம் தொடக்கம் முதல் முடிவு வரை மாறாமல் இருந்தால்தான் அது செல்லும். வேகம் சீராகக் கூடும்போது சராசரி வேகம் முதல் வேகத்துக்கும் கடைசி வேகத்துக்கும் நட்டநடுவில் விழும். ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரி அறிஞர்கள் 14ஆம் நூற்றாண்டிலேயே, விநாடி காட்டும் கடிகாரம் பிறப்பதற்கு முன்பே, வெறும் தர்க்கத்தால் கண்டுபிடித்த உண்மை இது. வில்லியம் ஹெய்ட்ஸ்பரி 1335இல் எழுதிய நூலில் இது இருக்கிறது. அதைப் போல்ட்டுக்குப் பொருத்துங்கள். தொடக்க வேகம் பூஜ்யம், சராசரி 10.44. அப்படியானால் கடைசி வேகம் அதைப் போல இரு மடங்கு, விநாடிக்கு 20.9 மீட்டர் என்று ஆகிறது. மணிக்கு 75 கிலோமீட்டர்! நகர்ச் சாலையில் காரில் போனாலே போலீஸ் மடக்கும் வேகத்தில் மனிதர் காலால் ஓடியிருக்க வேண்டும். விடை கிடைத்ததும் அதை ஒருமுறை உலகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் இருந்திருந்தால் 2.18ஐ இரண்டாமவரே அடித்திருப்பார்.

மூன்றாமவரின் 1.25இலும் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை? துப்பாக்கி ஒலித்த பிறகு போல்ட்டின் உடல் அசையவே 0.146 விநாடி பிடித்தது. அந்த எதிர்வினை நேரத்தைக் கழித்தால் விடை 1.27 ஆகிறது. கோட்டைத் தாண்டியும் ஓடி, கையை விரித்து, கடைசியில் அவர் நின்ற கணம்வரை எடுத்தால் தொடக்க வேகமும் பூஜ்யம், முடிவு வேகமும் பூஜ்யம்; ஆக, சராசரி முடுக்கமும் பூஜ்யம். உலகின் மிக வேகமான ஓட்டத்துக்கு இப்படி ஒரு விடை. கால இடைவெளியைச் சொல்லாமல் சராசரி முடுக்கம் என்று பேசுவதில் பொருளே இல்லை.

திசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இயற்பியல் புத்தகங்கள் வேகம் என்று விட்டுவிடாமல் திசைவேகம் என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. மணிக்கு 140 கிலோமீட்டரில் வரும் பந்தை மட்டையாளர் நேராகப் பந்துவீச்சாளர் பக்கமே 100 கிலோமீட்டரில் திருப்பி அடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வேகம் 40 குறைந்தது என்று கழித்தால் கணக்குக் கவிழ்ந்துவிடும். பந்து முதலில் 140ஐ முழுவதுமாக இழந்து நிற்க வேண்டும், பிறகு எதிர்த்திசையில் 100ஐப் பெற வேண்டும். மாற்றம் 240 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 66.7 மீட்டர். மட்டையும் பந்தும் ஒட்டியிருக்கும் நேரத்தை ஆயிரத்தில் ஒரு விநாடி என்று கொண்டால் சராசரி முடுக்கம் 66,700. புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல ஏறத்தாழ 6,800 மடங்கு. தக்கையும் நூலும் தோலும் சேர்ந்த ஒரு சின்ன உருண்டை அதைத் தாங்குகிறது. முடுக்கத்துக்கு முன்னால் வரும் கழித்தல் குறியும் இந்தத் திசைக் கணக்கின் மிச்சம்தான். நாம் முன்பக்கம் என்று எடுத்துக்கொண்ட திசைக்கு எதிராக முடுக்கம் செயல்படுகிறது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

போல்ட்டுக்குத் திரும்புவோம். அந்த ஓட்டத்தை லேசர் கருவிகளோடு ஓர் உயிரியக்கவியல் குழு அளந்தது. ஒவ்வொரு 20 மீட்டரையும் அவர் கடந்த நேரங்கள்: 2.89, 4.64, 6.31, 7.92, 9.58. இவற்றை வைத்துக்கொண்டு ஓட்டத்தைத் துண்டு போடலாம். 20இலிருந்து 40 மீட்டர் வரை எடுத்துக்கொண்டது 1.75 விநாடி, சராசரி வேகம் 11.43. அடுத்த துண்டில் 11.98. அதற்கடுத்து 12.42, மணிக்கு 44.7 கிலோமீட்டர் என்று பத்திரிகைகள் எழுதியது இதைத்தான். கடைசித் துண்டில் 12.05. வேகம் குறைந்திருக்கிறது! கடைசி 20 மீட்டரில் மற்றவர்களைப் பின்னுக்குத் தள்ளிப் பாய்ந்ததாக நம் கண்ணுக்குத் தெரிந்தது. அவரும் தளர்ந்துகொண்டுதான் இருந்தார், மற்றவர்கள் அதிகம் தளர்ந்தார்கள்.

இந்த நான்கு துண்டுகளில் ஒவ்வொன்றின் வேகமும் அதன் நடு நேரத்தில் இருந்ததாக எடுத்துக்கொண்டு முடுக்கத்தைப் போட்டால், எதிர்வினை நேரம் போக முதல் 3.6 விநாடிக்குச் சுமார் 3.2 வருகிறது. அடுத்து 0.32, பிறகு 0.27, கடைசியில் கழித்தல் 0.23. முழு ஓட்டத்துக்கும் நாம் சொன்ன 1.25 ஏறத்தாழ எங்குமே நிலைத்திருக்கவில்லை, 3.2இலிருந்து சரியும் வழியில் அதை ஒரு கணம் கடந்திருப்பார், அவ்வளவுதான்.

இன்னொரு குழியும் இங்கே இருக்கிறது. சராசரி என்றதும் கைப்பழக்கத்தில் நான்கையும் கூட்டி நான்கால் வகுக்கத் தோன்றும். 0.89 வரும். தவறு. முதல் முடுக்கம் 3.6 விநாடி நீடித்தது, மற்றவை ஒவ்வொன்றும் 1.6, 1.7 விநாடிதான். நேரத்துக்கு ஏற்ற எடை கொடுத்தால் இந்த இடைவெளிக்கு 1.40 கிடைக்கும். கடைசி வேகமான 12.05ஐ மொத்த நேரமான 8.6 விநாடியால் நேராக வகுத்தாலும் அதே 1.40. முனைகளை மட்டும் பார்க்கும் கணக்கு நடுவில் நடந்த எல்லாவற்றுக்கும் நியாயமாக எடை போட்டுத்தான் இந்த எண்ணைத் தருகிறது.

துண்டுகளை இன்னும் சிறிதாக்கினால்? 10 மீட்டர், ஒரு மீட்டர், ஒரு காலடி. இடைவெளி சுருங்கச் சுருங்க, அந்தக் கணத்தின் முடுக்கத்தை நெருங்குகிறோம். அதைக் கணநேர முடுக்கம் என்கிறார்கள். நுண்கணிதம் செய்வது இந்தச் சுருக்கலைக் கடைசிவரை கொண்டுபோவதுதான். காகிதத்தில் இது அழகாக இருக்கிறது. அளக்கப் போனால் தொல்லை. நாம் நேரடியாக அளப்பது இடத்தையும் நேரத்தையும் மட்டுமே. இரண்டு இடங்களைக் கழித்து வேகம், இரண்டு வேகங்களைக் கழித்து முடுக்கம். ஒவ்வொரு கழித்தலிலும் பிழை பெருகும். போல்ட்டின் 1.61 விநாடித் துண்டில் நூறில் ஒரு விநாடி பிசகி 1.62 என்று பதிவாகியிருந்தால் வேகம் 12.42க்குப் பதில் 12.35 ஆகும். பரவாயில்லை என்று விட்டுவிடலாம். ஆனால் அதிலிருந்து போடும் முடுக்கம் 0.27இலிருந்து 0.23க்கு இறங்கிவிடும். நேரத்தில் ஒரு சதவீதம்கூட இல்லாத பிழை, முடுக்கத்தில் ஆறில் ஒரு பங்கை விழுங்குகிறது. துண்டை இன்னும் சிறிதாக்கினால் நிலைமை இன்னும் மோசம்.

அதனால்தான் முடுக்கத்தை நேரடியாக உணரும் கருவி வந்தது: முடுக்கமானி. உங்கள் செல்போனுக்குள் ஒன்று இருக்கிறது. சிலிக்கானில் செதுக்கிய நுண்ணிய எடை ஒன்று, அதைத் தாங்கும் நுண்ணிய வில்கள். போன் முடுக்கப்படும்போது எடை சற்றுப் பின்தங்கும். அந்த நகர்வை மின்சுற்று படித்துச் சொல்லும். பேருந்து கிளம்பும்போது பயணி பின்பக்கம் சாய்வதும் இதே விவகாரம்தான். ஒரு வேடிக்கை: மேசைமேல் அசையாமல் கிடக்கும் போனின் முடுக்கமானி 9.8 என்று காட்டும், கைநழுவி விழுந்துகொண்டிருக்கும் போனில் அது பூஜ்யம் காட்டும். மேசை கீழிருந்து தாங்குவதை அந்த எடையும் வில்லும் உணர்கின்றன. தாங்க ஆளில்லாமல் விழும்போது எடையும் பெட்டியும் சேர்ந்தே விழுகின்றன, வில் தளர்ந்துவிடுகிறது. கருவியின் எண்ணை அப்படியே எடுக்காமல், அது எதை உணர்கிறது என்று கேட்டு ஈர்ப்பைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

சராசரிக்கும் கணநேர அளவுக்கும் உள்ள வித்தியாசம் உயிர்ப் பிரச்சினையானது ஜான் பால் ஸ்டாப் என்பவரின் உடம்பில். அமெரிக்க விமானப்படை மருத்துவர். விமானம் மோதும்போது மனித உடல் எவ்வளவு தாங்கும் என்று கண்டறிவது அவர் வேலை. 18 ஜிக்கு மேல் போனால் மனிதன் பிழைக்க மாட்டான் என்று அப்போது பரவலாக நம்பினார்கள். ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கமான 9.8, 18 ஜி என்றால் அதன் 18 மடங்கு. ஸ்டாப் தண்டவாளத்தில் ஓடும் ராக்கெட் வண்டியில் தன்னையே கட்டிக்கொண்டு அமர்ந்தார்.

1954 டிசம்பர் 10, நியூ மெக்சிகோவில் ஹாலமன் விமானப்படைத் தளம். வண்டியில் ஒன்பது ராக்கெட்டுகள். ஐந்து விநாடியில் மணிக்கு 1,017 கிலோமீட்டர். பிறகு தண்டவாளங்களுக்கு நடுவே தேக்கிய தண்ணீரில் வண்டியின் அடியிலிருந்த அகப்பைகள் பாய்ந்து, 1.4 விநாடியில் வண்டி நின்றுவிட்டது. ஸ்டாப்பின் கண்களில் ரத்தக் குழாய்கள் வெடித்தன. சிறிது நேரம் பார்வையே இல்லை. பிறகு மீண்டார், 1999 வரை வாழ்ந்தார்.

ஸ்டாப்பின் வண்டி ஹாலிடே-ரெஸ்னிக் பாடநூலில் பயிற்சிக் கணக்காகவே இடம்பெற்றது. போட்டுப் பார்ப்போம். 1,017ஐ 3.6ஆல் வகுத்தால் விநாடிக்கு 282.5 மீட்டர். நின்றபோது பூஜ்யம். 1.4ஆல் வகுத்தால் 202; ஜி கணக்கில் 20.6. மாணவருக்கு முழு மதிப்பெண். ஆனால் வண்டியில் இருந்த கருவி பதிவு செய்த உச்சம் 46.2 ஜி, சராசரியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அந்தக் கணத்தில் உடம்பு 3,200 கிலோவாகக் கனத்திருக்கும். அகப்பைகள் தண்ணீரில் பாய்ந்த வேகத்தைப் பொறுத்து இழுப்பு ஏறி இறங்கியது, 20.6 என்ற விடை அந்த ஏற்ற இறக்கத்தைத் தட்டையாக்கிவிடுகிறது. கண்ணின் ரத்தக் குழாய் சராசரியைப் பார்த்து உடைவதில்லை.

கருவியை நம்புவதற்கும் ஒரு எல்லை உண்டு என்பதை இதே குழு 1949இலேயே கற்றிருந்தது. எட்வர்டு மர்ஃபி என்ற பொறியாளர் கொண்டுவந்த உணரிகளை ஸ்டாப் குழுவின் ஒரு சோதனையில் பொருத்தினார்கள். இணைப்பு மாறிப்போனதால் அளவீடு பூஜ்யம் என்று வந்தது. தவறாகப் போகக்கூடியது எதுவும் தவறாகவே போகும் என்ற மர்ஃபி விதி இங்கிருந்து கிளம்பியது. யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதில் கதை பல வடிவங்களில் உலவுகிறது, பிறந்த இடம் மட்டும் ஒரு முடுக்க அளவீடு.

ஸ்டாப் பிறகு கார் விபத்துகளின் பக்கம் திரும்பி, இருக்கைப் பட்டைக்காக வாதாடினார். விபத்து ஆய்வில்தான் சராசரி முடுக்கம் மிகவும் சாமர்த்தியமாகப் பயன்பட்டது. வெறும் உச்சத்தை வைத்துக்கொண்டாலும் சரிவராது. மேசையில் போனைத் தொப்பென்று போட்டால்கூட ஒரு நுண்கணத்துக்குப் பெரிய எண் தெறிக்கும். மோதல் முழுவதற்கும் சராசரி எடுத்தாலும் ஆபத்து மறைந்துவிடும். டெட்ராய்ட்டின் வெய்ன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வுகள் மண்டையைப் பற்றிக் காட்டியது இது: மிகக் குறுகிய நேரத்துக்குத் தலை பெரும் முடுக்கத்தைத் தாங்கும், நேரம் நீள நீளத் தாங்கும் அளவு இறங்கும். அப்படியானால் எத்தனை மில்லி விநாடிக்குச் சராசரி எடுப்பது?

பொறியாளர்கள் கண்ட விடை: எல்லா இடைவெளிகளுக்கும் எடுத்துப் பார். சோதனைப் பொம்மையின் தலைக்குள் இருக்கும் முடுக்கமானி மோதல் முழுவதையும் பதிவு செய்கிறது. கணினி அந்தப் பதிவில் ஒவ்வொரு தொடக்கத்தையும் ஒவ்வொரு முடிவையும் மாற்றி மாற்றி எடுத்து, அந்த இடைவெளிக்குச் சராசரி முடுக்கத்தைப் போட்டு, அதை இரண்டரை அடுக்குக்கு உயர்த்தி, இடைவெளியின் நீளத்தால் பெருக்குகிறது. இப்படி வரும் எண்களில் பெரியது எதுவோ அதுதான் தலைக் காய அளவுகோல். அமெரிக்கக் கார் விதிகள் ஒரு காலத்தில் 36 மில்லி விநாடி வரை தேடி, 1,000ஐ எல்லையாக வைத்தன. பின்னர் தேடலை 15 மில்லி விநாடிக்குள் சுருக்கி, சராசரி உயரமுள்ள ஆண் பொம்மைக்கு எல்லையை 700 ஆக்கின. மார்புக்கு வேறு விதி: 60 ஜிக்கு மேல் மொத்தம் 3 மில்லி விநாடிதான் போகலாம்.

2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் என்ற கார்ப் பாதுகாப்புச் சோதனையில் கார் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் தள்ளி வைத்த தடுப்பில் மோதவிடப்படுகிறது. விநாடிக்கு 17.8 மீட்டர். ஏறத்தாழ பத்தில் ஒரு விநாடியில் நின்றது என்று கொண்டால் சராசரி 18 ஜி. காரின் முன்பக்கம் நசுங்குவதும், பட்டை சற்றே நெகிழ்வதும், காற்றுப்பை முகத்தை ஏந்துவதும் கீழே வகுக்கும் நேரத்தைப் பெரிதாக்கத்தான். பட்டை போடாதவரின் உடம்பு, கார் பாதி நின்ற பிறகும் 64லேயே முன்னே போய், ஸ்டியரிங்கில் சில மில்லி விநாடியில் நிற்கும். வேக மாற்றம் அதேதான், வகுக்கும் நேரம் மட்டும் பத்தில் ஒரு பங்காகிவிட்டால் 18 ஜி 180 ஆகிறது.